வஸிய்யத்துப் பொறுப்பு: ஏற்பதும் விலகுவதும்

 



ஒரு வீட்டில் மௌத் நிகழ்ந்து, கபுரடக்கம் முடிந்து, வெளியூரிலிருந்து வந்த உறவினர்கள் திரும்பிச் சென்றபின் அவ்வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது. இறந்தவர் செய்துவைத்த வஸிய்யத்தை நிறைவேற்றும் பொறுப்பு யாருடையது? பெரும்பாலும் சிறிய தந்தை, தாய்மாமன், மூத்த மைத்துனர் என உறவினர் ஒருவர் அதற்கு நியமிக்கப்பட்டிருப்பார். அவரையே ஷரீஅத் ‘வஸீ’ என்று அழைக்கிறது. நீதிமன்ற வழக்கில் அவர் ‘உயில் நிறைவேற்றாளர்’ எனப்படுகிறார்.

வஸிய்யத்தின் சிறப்பைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் செய்யலாகாது என்பதையும், வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பதையும் சிறுவர்களும் அறிவார்கள். ஆயினும் வஸீயாக நியமிக்கப்பட்டவர் ‘இப்பொறுப்பு என்னால் இயலாது’ என்று கருதினால் என்ன செய்ய வேண்டும் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. பேசாததன் விளைவு இரண்டு. சிலர் இயலாத பொறுப்பை மானத்துக்காகப் பற்றிக்கொண்டு எத்தீம்களின் சொத்தைப் பாழாக்குகிறார்கள். வேறு சிலர் சாவிக் கொத்தையும் பத்திரங்களையும் கைக்குக் கிடைத்தவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். இரண்டிலும் பாதிக்கப்படுவது வாய் திறக்க இயலாத குழந்தைகளும் கைம்பெண்களுமே. எனவே இப்பொறுப்பை முன்னோர்கள் எவ்வாறு ஏற்றார்கள், எப்போது மறுத்தார்கள், எவ்வாறு விலகினார்கள் என்பதை வரலாற்றின் ஒளியில் காண்போம்.

ஏற்கும் முன் தயக்கம்

வஸீயின் பொறுப்பைத் தேடிப் போய்ப் பெறத்தக்க பெருமையாக நம் முன்னோர்கள் கருதவில்லை. அபூதர் அல்கிஃபாரி (ரலி) அவர்கள் நபித்தோழர்களுள் உண்மைக்கும் பற்றின்மைக்கும் பெயர்பெற்றவர்கள். அத்தகையவரை நோக்கியே நாயகம் (ஸல்) அவர்கள், தாம் அவரைப் பலவீனராகக் காண்பதாகவும், தமக்கு விரும்புவதையே அவருக்கும் விரும்புவதாகவும் கூறி, இரண்டு பேருக்குக்கூடத் தலைமை ஏற்க வேண்டாம், எத்தீமின் சொத்துக்குப் பொறுப்பாளராகவும் ஆக வேண்டாம் என்று அறிவுறுத்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அபூதர் (ரலி) அவர்களின் நேர்மையில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. குறிப்பிடப்பட்டது நிர்வாகத் திறன் மட்டுமே. நல்ல மனிதர் என்பது ஒரு தகுதி. சொத்தைக் கட்டிக் காக்க வல்லவர் என்பது மற்றொரு தகுதி. வஸீக்கு இரண்டும் வேண்டும்.

ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாறும் இதற்குச் சான்றாக உள்ளது. ஸஹாபாக்களில் பலர் தங்கள் மரணத்துக்குப் பின் சொத்தையும் பிள்ளைகளையும் பராமரிக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஹிஜ்ரி 32-இல் வஃபாத்தான அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் ஸுபைரையும் அவருடைய மகன் அப்துல்லாஹ்வையும் தமக்கு வஸீக்களாக நியமித்தார்கள். முதீஉ இப்னுல் அஸ்வத் (ரலி) என்ற தோழரும் அவ்வாறே வஸிய்யத் செய்தபோது, ஸுபைர் (ரலி) அவர்கள் முதலில் ஏற்க மறுத்துவிட்டார்கள். முதீஉ அவர்கள் அல்லாஹ்வை முன்னிறுத்தியும் உறவை எடுத்துக் கூறியும் வேண்டினார்கள். ஸுபைரை நம்பிக்கைக்குரியவராக உமர் (ரலி) அவர்கள் கருதியிருந்ததையும் நினைவூட்டினார்கள். அதன் பின்னரே ஸுபைர் அவர்கள் இசைந்தார்கள் என்று அறிவிப்பாளர்கள் கூறுகின்றனர். வஸிய்யத் செய்தவர் உயிரோடிருக்கும்போதே, அவர் முகத்துக்கு நேரே மறுப்பைத் தெரிவித்தார்கள் என்பதே இங்கு நமக்குப் பாடம். மறுக்க வேண்டிய நேரம் அதுவே. அவர் வேறொருவரைத் தேடிக்கொள்ள அப்போதுதான் அவகாசம் இருக்கும்.

ஹனஃபி மத்ஹபின் பெரும் இமாமாகிய அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள், முதல் முறை வஸீயாக நுழைவது தவறு என்றும், இரண்டாம் முறை நுழைவது மோசடி என்றும், மூன்றாம் முறை நுழைவது திருட்டு என்றும் கருத்துப்படக் கூறியதாக ஃபிக்ஹு கிதாபுகள் எடுத்துரைக்கின்றன. நீதிபதிகளுக்கெல்லாம் தலைமை நீதிபதியாக பக்தாதில் அமர்ந்து, எத்தனையோ சொத்து வழக்குகளைக் கண்டவருடைய சொல் அது. எல்லோரும் இப்பொறுப்பை மறுத்துவிட வேண்டும் என்பது அதன் பொருளாகாது. எல்லோரும் மறுத்தால் எத்தீம்களின் கதி என்னாவது? ஏற்பவர் நடுக்கத்துடன் ஏற்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

சுமந்து முடித்த ஒருவர்

விலகுவதைப் பற்றிப் பேசும் முன், விலகாமல் நின்ற ஒருவரைக் காண்பது அவசியம். ஹிஜ்ரி 36-ஆம் ஆண்டில், கிறிஸ்தவ ஆண்டு 656-இல், பஸ்ராவுக்கு அருகே ஜமல் போர் மூண்டது. அன்று ஸுபைர் (ரலி) அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ்வை அருகில் அழைத்தார்கள். இன்று தாம் அநீதியாகக் கொல்லப்படக்கூடும் என்றும், தமது பெருங்கவலை தம் கடனைப் பற்றியதே என்றும் கூறி, சொத்துகளை விற்றுக் கடனை அடைக்குமாறு வஸிய்யத் செய்தார்கள். அடைக்க இயலாமல் போனால் தம்முடைய எஜமானனிடம் உதவி கேட்குமாறும் சொன்னார்கள். எஜமானன் யார் என்று மகன் வினவ, அல்லாஹ்வே என்று விடை கூறினார்கள். இந்நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் விரிவாக இடம்பெற்றுள்ளது.

ஸுபைர் (ரலி) அவர்கள் ரொக்கமாக எதையும் விட்டுச் செல்லவில்லை. ‘ஃகாபா’ என்னும் நிலமும், மதீனாவில் 11 வீடுகளும், பஸ்ராவில் 2 வீடுகளும், கூஃபாவில் ஒன்றும், எகிப்தில் ஒன்றும் இருந்தன. கடனோ 22 லட்சம். இக்கடன் ஆடம்பரத்தால் வந்ததன்று. மக்கள் அமானிதமாகப் பணத்தைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, ‘அமானிதமாக வேண்டாம், கடனாக வைத்துக்கொள்கிறேன்’ என்பது அவர்களின் வழக்கம். அமானிதம் தொலைந்துபோனால் உரியவருக்கு நஷ்டம். கடனாக இருந்தாலோ எந்நிலையிலும் திருப்பித் தந்தாக வேண்டும். அந்தப் பேணுதலே இத்தனை பெரிய தொகையாக வளர்ந்திருந்தது.

மகன் அப்துல்லாஹ் (ரலி) என்ன செய்தார்கள்? தந்தையின் உறவினரான ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) கடன் எவ்வளவு என்று விசாரித்தபோது, முதலில் ஒரு லட்சம் என்று மட்டும் கூறினார்கள். அதற்கே சொத்து போதுமா என்று அவர் ஐயுற்றார். முழுத் தொகையையும் அறிந்தபின், இயலாமற்போனால் தம்மிடம் உதவி கேட்குமாறு ஹகீம் அவர்கள் முன்வந்தார்கள். அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், தந்தை 1,70,000-க்கு வாங்கியிருந்த ஃகாபா நிலத்துக்கு 16 லட்சம் விலை நிர்ணயித்து, அதனை 16 பங்குகளாக்கி, கடன் வரவேண்டியவர்கள் அனைவரும் வருமாறு அறிவித்தார்கள். நான்கு லட்சம் வரவேண்டியிருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்கள் கடனைத் தள்ளுபடி செய்யவும், அல்லது கடைசியாகப் பெற்றுக்கொள்ளவும் இசைந்தார்கள். வஸீ இரண்டையும் ஏற்கவில்லை. நிலத்தின் ஒரு பகுதியை அளந்து கொடுத்துக் கணக்கை நேர் செய்தார்கள்.

கடன் தீர்ந்தபின் உடன்பிறந்தோர் பாகப்பிரிவினை கோரினார்கள். அப்துல்லாஹ் (ரலி) அவர்களும் வாரிசுகளில் ஒருவரே. பிரித்தால் அவர்களுக்கும் பங்கு கிடைக்கும். ஆயினும் மறுத்துவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுடைய காலத்தில், ஸுபைரிடமிருந்து எவருக்கேனும் கடன் வரவேண்டியிருந்தால் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று மக்கள் திரளில் அறிவிப்புச் செய்தார்கள். அதன் பின்னரே பங்கிட்டார்கள். ஸுபைர் (ரலி) அவர்களின் நான்கு மனைவியருக்கும் தலா 12 லட்சம் கிடைத்தது.

இன்று நம்மில் ஒரு வஸீ, உடன்பிறந்தோரின் நெருக்குதலை நான்கு ஆண்டுகள் தாங்க வேண்டியிருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் விலகாமல் நின்றதற்குக் காரணங்கள் உண்டு. தந்தையின் வாயிலிருந்தே பொறுப்பைக் கேட்டு ஏற்றிருந்தார்கள். கடனின் அளவு அவர்களுக்குத் தெரியும். துணை நிற்க மூத்த உறவினர் முன்வந்திருந்தார். எனவே, ‘இப்பொறுப்பு பளுவானது’ என்பது மட்டுமே விலகுவதற்குக் காரணமாகாது. பளுவாக இருந்தால் முதலில் தேட வேண்டியது துணையை.

கணக்குச் சொல்லி விலகிய நண்பர்

இனி, பொறுப்பை இறக்கி வைத்த ஒருவரின் வரலாற்றைக் காண்போம். குராஸானில் தூஸ் என்னும் ஊரில் கம்பளி நூல் நூற்று விற்றுப் பிழைத்த ஓர் ஏழை வாழ்ந்தார். அவருக்கு முஹம்மது, அஹ்மது என்று இரண்டு ஆண்மக்கள். மூத்தவரே ஹிஜ்ரி 450-இல் பிறந்து, பின்னாளில் ‘ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்’ என்று உலகம் போற்றிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். தந்தைக்கு மரணம் நெருங்கியபோது, ஸூஃபியான தம் நண்பர் ஒருவரிடம் மக்கள் இருவரையும் ஒப்படைத்தார். தாம் எழுத்துக் கல்வி பெறாமற்போனதை எண்ணி வருந்துவதாகவும், தாம் இழந்ததைத் தம் மக்கள் பெற வேண்டும் என்றும், அதற்காகத் தாம் விட்டுச் செல்வது முழுவதும் செலவானாலும் குற்றமில்லை என்றும் வஸிய்யத் செய்தார்.

நண்பர் சொன்னபடியே செய்தார். பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்தார். தந்தை விட்டுச் சென்ற சிறு தொகை ஒருநாள் தீர்ந்துபோனது. அவரோ சொத்தில்லாத துறவி. அந்நிலையில் அவர் பிள்ளைகள் இருவரையும் அழைத்து, அவர்களுக்குரியதை அவர்களுக்கே செலவிட்டுவிட்டதாகவும், தம்மிடம் கொடுத்துதவப் பொருள் ஏதும் இல்லை என்றும் ஒளிக்காமல் கூறினார். அத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், மாணவர்களுக்கு உணவளிக்கும் மதரஸா ஒன்றில் சேர்ந்துகொள்ளுமாறு வழியும் காட்டினார். அவ்வாறே அவர்கள் சேர்ந்தார்கள். இமாம் தாஜுத்தீன் ஸுப்கீ (ரஹ்) அவர்கள், ஷாஃபி மத்ஹபு அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த தமது ‘தபகாத்’ நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார்கள். அந்த மதரஸா வாசலே இருவருடைய பிற்கால உயர்வுக்கும் தொடக்கமாக அமைந்தது.

அந்த நண்பரின் பெயரை வரலாறு பெரிதாகப் பேசவில்லை. ஆயினும் அவர் செய்த காரியத்தில் மூன்று அம்சங்கள் உள்ளன. கணக்கைச் சொன்னார். தம் இயலாமையை ஒளிக்காமல் சொன்னார். பிள்ளைகளை நடுத்தெருவில் விடாமல் அடுத்த புகலிடத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கினார். இம்மூன்றும் இல்லாதிருந்தால் தூஸ் நகரத்து வீதிகளில் இரு எத்தீம்கள் அலைந்திருக்கக்கூடும். விலகுவது வேறு, கைவிடுவது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி அரிது.

இமாம் ஷாஃபி அவர்களின் வஸிய்யத்

வஸீ விலகக்கூடும் என்பதை, வஸிய்யத் எழுதுபவரே முன்கூட்டி எண்ணிப் பார்த்ததற்கும் வரலாற்றில் சான்று உண்டு. இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 203-ஆம் ஆண்டு ஷஃபான் மாதம் எகிப்தில் தம் வஸிய்யத்தை எழுதினார்கள். அடுத்த ஆண்டே வஃபாத்தானார்கள். அந்த வஸிய்யத் ‘அல்உம்மு’ கிதாபில் பாதுகாக்கப்பட்டுள்ளது. எகிப்தில் உள்ள தமது சொத்துகளை நிர்வகிக்க அப்துல்லாஹ் இப்னு அப்தில் ஹகம், யூஸுஃப் இப்னு அம்ர், ஸயீத் இப்னுல் ஜஹ்ம் ஆகிய மூவரை அதில் நியமித்தார்கள். இவர்களில் எவரேனும் இறந்தாலோ, ஊரில் இல்லாமற்போனாலோ, பொறுப்பைக் கைவிட்டாலோ, எஞ்சி நிற்பவரே முழுமையாக நிறைவேற்றுவார் என்றும் அதிலேயே குறிப்பிட்டார்கள்.

சட்டத்தின் நுணுக்கங்களை உலகுக்குக் கற்பித்த இமாம், தம் சொந்தக் காரியத்திலும் எத்தனை தொலைநோக்குடன் இருந்தார்கள்! நாம் எழுதும் வஸிய்யத்துகளில் ஒரேயொரு பெயரைக் குறிப்பிட்டு, அவர் நம்மை விட மூத்தவரா, வெளிநாட்டில் பிழைப்பவரா, நோயாளியா என்பதைக்கூட எண்ணாமல் கையொப்பமிடுகிறோம். பெண்களின் பெயரோ நம் நினைவுக்கே வருவதில்லை. உமர் (ரலி) அவர்கள் தமது வக்ஃபு நிலத்தின் பொறுப்பைத் தம் மகளும் உம்முல் முஃமினீனுமான ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே ஒப்படைத்தார்கள். அவர்களுக்குப் பின் குடும்பத்தில் விவேகமுள்ளவர் ஏற்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். அதிலும் அடுத்தவர் யார் என்ற ஏற்பாடு இருப்பதைக் காண்க.

மத்ஹபுகளின் தீர்ப்பு

வஸீ விலகுவதைக் குறித்து மத்ஹபுகளின் இமாம்கள் ஆழ்ந்து ஆராய்ந்துள்ளார்கள். நம் மஹல்லாவில் ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபினரும் இருப்பதால் இரண்டையும் அறிந்திருப்பது நலம்.

ஹிஜ்ரி 593-இல் வஃபாத்தான இமாம் மர்ஃகீனானீ (ரஹ்) அவர்களின் ‘ஹிதாயா’ ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பை விளக்குகிறது. வஸிய்யத் செய்தவர் உயிரோடிருக்கும்போது, அவருக்குத் தெரியும் வண்ணம் மறுத்தால் மறுப்புச் செல்லும். ஏற்றுக்கொண்டபின் அவருக்குத் தெரியாமல் மறுத்தால் அது செல்லாது. ஏனெனில் இறந்தவர் இவரை நம்பியே கண்ணை மூடினார்; அந்த நம்பிக்கையில் அவர் ஏமாற்றப்படலாகாது. வாழ்நாளில் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால், மரணத்துக்குப் பின் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் சொத்தில் எதையேனும் விற்றுவிட்டால், அதுவே ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஏற்ற பின் தமக்கு இயலவில்லை என்று வஸீ முறையிட்டால், காழீ உடனே விடுவித்துவிடக் கூடாது. உண்மையை விசாரித்தறிய வேண்டும். தனித்துச் செயல்பட இயலாதவர் என்றால் துணைக்கு ஒருவரைச் சேர்க்க வேண்டும். முற்றிலும் இயலாதவர் என்று தெளிவானால் வேறொருவரை நியமிக்க வேண்டும். வாரிசுகள் வஸீயைப் பற்றிக் குறை சொன்னதற்காக மட்டும் அவரை நீக்கக் கூடாது. மோசடி வெளிப்பட வேண்டும்.

ஷாஃபி மத்ஹபில் வாசல் சற்று அகலமானது. வஸிய்யத் செய்தவர் எப்போது விரும்பினாலும் வஸீயை நீக்கலாம், வஸீயும் எப்போது விரும்பினாலும் விலகலாம் என்பது ஹிஜ்ரி 676-இல் வஃபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ கூறும் தீர்ப்பு. ஆயினும் அந்த மத்ஹபின் கிதாபுகள் இதற்கு ஒரு வரம்பும் இட்டுள்ளன. அவரைத் தவிர வேறு எவரும் இல்லை என்ற நிலையிலோ, அவர் விலகினால் அநியாயக்காரன் ஒருவனின் கையில் சிக்கிச் சொத்து அழிந்துவிடும் என்று உறுதியாக எண்ண இடமிருந்தாலோ, விலகுவது கூடாது.

மாலிக்கி மத்ஹபில், வஸிய்யத் செய்தவர் வாழும்போது ஏற்றபின்னும் விலகலாம். அவர் இறந்து, இவரும் ஏற்றுக்கொண்டபின் விலக இயலாது. மரணத்துக்குப் பின் மறுத்துவிட்டவர் மனம் மாறி மீண்டும் ஏற்கவும் இயலாது. ஹன்பலி மத்ஹபின் பிரபலமான தீர்ப்பு ஷாஃபி மத்ஹபை ஒத்திருக்கிறது.

தீர்ப்புகள் வேறுபட்டாலும் அவற்றின் அடிப்படை ஒன்றே. எல்லா இமாம்களும் வஸீயின் வசதியை மட்டும் பார்க்கவில்லை. இறந்தவரின் நம்பிக்கை, எஞ்சியிருக்கும் எத்தீமின் பாதுகாப்பு ஆகிய இரண்டையும் ஒருசேர எடைபோட்டார்கள். ஹனஃபி மத்ஹபு விலகும் வாசலில் ஒரு காழீயை நிறுத்தியது. ஷாஃபி மத்ஹபு அதே வாசலில் வஸீயின் இறையச்சத்தை நிறுத்தியது.

காழீயும் நீதிமன்றமும்

எத்தீம்களின் சொத்தைக் கண்காணிக்கும் வழக்கம் இஸ்லாமிய நீதித்துறையில் மிகப் பழமையானது. ஹிஜ்ரி 86-இல் எகிப்தில் காழீயாக இருந்த அப்துர் ரஹ்மான் இப்னு முஆவியா இப்னு ஹுதைஜ் அவர்கள், எத்தீம்களின் பணத்தைக் குறித்து விசாரித்து, ஒவ்வொரு கோத்திரத்திலும் அதன் தலைவரையே அக்கோத்திரத்து எத்தீம்களின் சொத்துக்குப் பொறுப்பாளியாக்கி, அதனை எழுத்திலும் பதித்தார்கள் என்று எகிப்திய வரலாற்றாசிரியர் கிந்தீ எழுதுகிறார். இன்றைய ஜமாஅத் தலைவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது.

நம் நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைமை மாறியது. சார்லஸ் ஹாமில்டன் 1791-இல் வெளியிட்ட ‘ஹிதாயா’வின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொண்டு அவர்களுடைய நீதிமன்றங்கள் முஸ்லிம்களின் வழக்குகளைத் தீர்த்தன. 1864-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு காழீக்களை நியமிக்கும் முறையை நிறுத்தியது. 1880-ஆம் ஆண்டின் காழீக்கள் சட்டம் மீண்டும் நியமனத்துக்கு வழி செய்ததாயினும், நீதி வழங்கும் அதிகாரத்தைத் தரவில்லை. ஆகவே ‘காழீயிடம் முறையிட வேண்டும்’ என்று கிதாபுகள் கூறும் இடத்தில், சட்டப்படி இன்று நிற்பது நீதிமன்றமே. ஜமாஅத் சமரசம் செய்யலாம், சாட்சியாக நிற்கலாம். ஆனால் நீதிமன்றத்தின் இடத்தில் நின்று ஒருவரைச் சட்டப் பொறுப்பிலிருந்து விடுவிக்க இயலாது.

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில், முஸ்லிம்களின் வஸிய்யத்துக்கு ‘ப்ரொபேட்’ என்னும் நீதிமன்றச் சான்று கட்டாயமாக்கப்படவில்லை. இருப்பினும் வஸீ பொறுப்பைத் துறக்க விரும்பினால், நீதிபதியின் முன்னிலையில் வாய்மொழியாகவோ, தாம் கையொப்பமிட்ட எழுத்தின் மூலமாகவோ துறக்கலாம் என்று அதன் 230-ஆம் பிரிவு கூறுகிறது. ஒருமுறை துறந்தவர் பிறகு ஒருபோதும் அந்த வஸிய்யத்துக்கு ப்ரொபேட் கோர இயலாது. மாலிக்கி மத்ஹபின் தீர்ப்பை இது நினைவூட்டுகிறதல்லவா? பொறுப்பில் இறங்கியபின் ஒரு வஸீயை விடுவிக்கவும், நீக்கவும், அவருடைய இடத்தில் வேறொருவர் வருவதற்கு வழி செய்யவும் 301-ஆம் பிரிவு உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. சிறுவர்களின் பாதுகாவலராக நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்டவர், 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி தம்மை விடுவிக்குமாறு விண்ணப்பிக்கலாம். இவற்றில் இறங்கும் முன் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்வது அவசியம்.

அழகிய முறையில் விலகுதல்

இவ்வரலாறுகளிலிருந்து நாம் பெறும் பாடங்களைத் தொகுத்துக் கொள்வோம்.

முதலாவதாக, உறவினர் ஒருவர் நம்மை வஸீயாக நியமிக்க விரும்பினால், முகத்தாட்சண்யத்துக்காகத் தலையசைக்கலாகாது. கடன் எவ்வளவு, சொத்து எங்கெங்கே, சிறுவர்கள் யார் யார் என்று கேட்டறிய வேண்டும். இயலாதெனில் அப்போதே, அவரிடமே சொல்ல வேண்டும். நோயாளியின் மனம் நோகுமே என்று இன்று மௌனம் காத்தால், அந்த மௌனத்தின் விலையை நாளை அவருடைய பிள்ளைகள் செலுத்துவார்கள்.

இரண்டாவதாக, விலகும் காரணத்தை நம் உள்ளத்திடம் கேட்டுப் பார்க்க வேண்டும். முதுமை, நோய், ஊரை விட்டுச் செல்லும் நிலை ஆகியன தக்க காரணங்கள். இறந்தவருடைய சொத்தில் நமக்கே ஒரு கொடுக்கல் வாங்கல் வழக்கு இருந்து, நீதியாக நடக்க இயலுமா என்ற அச்சம் எழுந்தால், அதுவும் தக்க காரணமே. ஆனால் வாரிசுகள் கணக்குக் கேட்டார்கள் என்ற கோபத்தில் விலகுவது நியாயமாகாது. கணக்குக் கேட்பது அவர்களின் உரிமை. கணக்குச் சொல்வது வஸீயின் கடமை.

மூன்றாவதாக, ஒப்படைக்கும் முறை. எத்தீம்கள் பக்குவம் அடைந்து அவர்களிடம் சொத்தை ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறு திருக்குர்ஆனின் 4-ஆம் அத்தியாயம் 6-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பொறுப்பை முடிப்பவருக்கே சாட்சி வேண்டுமென்றால், இடையில் விலகுபவருக்கு எத்தனை மடங்கு வேண்டும்! வந்தது, சென்றது, எஞ்சியது என மூன்றையும் எழுத வேண்டும். அடைத்த கடனுக்கும் அடைக்க வேண்டிய கடனுக்கும் பட்டியல் வேண்டும். பத்திரங்களையும் நகைகளையும் எண்ணிக் கையொப்பம் பெற வேண்டும். சிறுவர்களின் பங்கை, ‘அவர்களுடைய அண்ணன்தானே’ என்று பெரியவர் ஒருவர் கையில் கொடுத்துவிடலாகாது; முறைப்படி பொறுப்பேற்பவரிடமே கொடுக்க வேண்டும். அப்படி ஒருவர் வரும்வரை காவல் நம்முடையதே.

நான்காவதாக, முறையாக விலகியவரைத் தூற்றலாகாது. ‘அண்ணன் பிள்ளைகளை விட்டுவிட்டார்’ என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியே பலர் இயலாத சுமையைத் தூக்கிக்கொண்டு தள்ளாடுகிறார்கள். கணக்கை ஒப்படைத்து, தக்கவரைக் காட்டி, சாட்சிகளின் முன் விலகுபவர் அமானிதத்தை முறித்தவரல்லர். அதனை உரிய இடத்தில் சேர்த்தவர். நாம் அவருக்காக துஆச் செய்ய வேண்டும்.

ஐந்தாவதாக, ஜமாஅத்தின் பங்கு. வஸிய்யத் எழுதுவோர் குறைந்தது இருவர் பெயரையாவது குறிப்பிட்டு, ஒருவர் இல்லாதபோது மற்றவர் செயல்பட அனுமதித்து எழுதுமாறு நாம் ஊக்கப்படுத்த வேண்டும். இருவர் வஸீக்களாக இருந்தால் ஒருவர் தனித்துச் செயல்படலாமா என்பதில் ஹனஃபி இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அபூயூஸுஃப் (ரஹ்) அனுமதிக்கிறார்கள். அபூஹனீஃபா (ரஹ்), முஹம்மது (ரஹ்) இருவரும் கஃபன் போன்ற தவிர்க்க இயலாதவற்றில் மட்டுமே அனுமதிக்கிறார்கள். ஆகவே வஸிய்யத்திலேயே தெளிவாக எழுதிவிடுவது சச்சரவைத் தடுக்கும். வஸீ விலகும் நாளில் மஹல்லாவின் நம்பிக்கைக்குரிய இருவர் சாட்சியாக அமர்ந்து, கணக்கின் படி ஒன்றைப் பெற்றுக்கொள்வதும் நன்மையான காரியம்.

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! எத்தீமின் பொருளை அநியாயமாக உண்பவர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்ற இறை எச்சரிக்கையை நாம் அறிவோம். அந்த நெருப்பு, திருடுபவரை மட்டும் அஞ்சச் செய்தால் போதாது. இயலாது என்று அறிந்தும் பொறுப்பை இறுகப் பிடித்திருப்பவரும், எவரிடமும் சொல்லாமல் நழுவிச் செல்பவரும் அஞ்ச வேண்டும்.

வல்ல ரஹ்மான், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைச் சுமக்கும் வலிமையையும், சுமக்க இயலாதபோது அவற்றைச் சேதமின்றி இறக்கி வைக்கும் நேர்மையையும் நமக்குத் தந்தருள்வானாக! நம் மஹல்லாவின் எத்தீம்களையும் கைம்பெண்களையும் தன் காவலில் வைத்துக் காப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.